தாங்கிமேல் உலோகம்: வினையூக்கியின் திறன் எங்கே தொலைகிறது?

வினையூக்கி எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை என்றதும் முதலில் வாயில் வருவது, "உலோகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போமே" என்பதுதான். அரை சதவீதம் பிளாட்டினம் போதவில்லையா, ஒரு சதவீதம் ஆக்கு. உலோகச் செலவு இரட்டிப்பாகும், திறன் அந்த அளவுக்கு ஏறாது. ஏற்கெனவே போட்ட அணுக்களில் பெரும்பகுதி உலோகத் துகளின் வயிற்றுக்குள் புதைந்தோ, வினைப்பொருள் எட்டாத துளையின் ஆழத்திலோ சும்மா கிடக்கும்போது, புதிதாகப் போடுவதும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

அலுமினா, சிலிக்கா, கார்பன், டைட்டானியா போன்ற தாங்கிகளின் (உலோகத்தைச் சுமக்கும், துளைகள் நிறைந்த திடப்பொருள்களின்) மேல் உலோகம் ஏற்றிய வினையூக்கிகளில், திறன் பெரும்பாலும் உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தொலைவதில்லை. தாங்கியை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்த பிறகு வரும் மூன்று சூடேற்றங்களில் தொலைகிறது: உலர்த்தல், கால்சினேஷன் (உப்பைச் சுட்டு ஆக்சைடாக்குவது), ஹைட்ரஜன் ஒடுக்கம் (ஹைட்ரஜனால் ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்குவது). ஆய்வுக் கட்டுரைகளில் இம்மூன்றுக்கும் சேர்த்து ஒரு வரி ஒதுக்குவார்கள்: இரவு முழுக்க 120 டிகிரியில் உலர்த்தி, 500 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டோம், அவ்வளவுதான். அந்த வரிக்குள்தான் எல்லாமே இருக்கிறது. (கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ்.)

முதலில் ஒரு கைக்கணக்கு. பிளாட்டினத் துகளின் விட்டத்தை நானோமீட்டரில் எடுத்து, 1.1ஐ அதால் வகுத்தால், மேற்பரப்பில் இருக்கும் அணுக்களின் பங்கு தோராயமாகக் கிடைக்கும். 2 நானோமீட்டர் துகளில் சுமார் 55 சதவீதம் அணுக்கள் வெளியே தெரியும். 5 நானோமீட்டரில் 22. 10 நானோமீட்டரில் 11. இந்தப் பங்கைத்தான் சிதறல் என்கிறோம். 10 நானோமீட்டர் துகளை 2 நானோமீட்டராகச் செய்ய முடிந்தால், ஒரு மில்லிகிராம் உலோகம் கூட்டாமலே வேலை செய்யும் அணுக்கள் ஐந்து மடங்கு.

ஆனால் சிறியதெல்லாம் நல்லது என்று கிளம்பிவிடக் கூடாது. சைக்ளோஹெக்சீனை ஹைட்ரஜனேற்றுவது போன்ற வினைகளில் ஒவ்வொரு மேற்பரப்பு அணுவின் வேகமும் துகள் அளவைப் பொறுத்து அதிகம் மாறாது. அங்கே சிறிதாக்கச் சிறிதாக்க லாபம். கோபால்ட் மேல் நடக்கும் ஃபிஷர்-டிராப்ஷ் வினை (கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் ஹைட்ரோகார்பன்களாக்குவது) அப்படி இல்லை. சுமார் 6 முதல் 8 நானோமீட்டருக்குக் கீழே போனால் ஒவ்வொரு அணுவின் வேகமும் சரிந்து, மீத்தேன் கூடிவிடும். அம்மோனியா தயாரிப்பில் ருத்தேனியத்துக்கு ஐந்து அணுக்கள் சேர்ந்த படிக்கட்டு போன்ற தளம் வேண்டும். மிகச் சிறிய துகளில் அந்தப் படியே அமையாது. கார்பன் மோனாக்சைடை எரிக்கத் தங்கம் 2 முதல் 5 நானோமீட்டரில்தான் உயிர்பெறும். உங்கள் வினை இதில் எந்த ரகம் என்று தெரியாமல் சிதறலைத் துரத்துவது வீண் வேலை.

உலோகம்தான் தடையா?

இதைச் சோதிக்காமல் தயாரிப்பு முறையில் கைவைப்பதில் அர்த்தமில்லை. எளிய வழி: 3 மில்லிமீட்டர் வினையூக்கிக் குளிகையை இடித்து 0.1 மில்லிமீட்டர் தூளாகச் சலித்து, அதே நிலைமைகளில் ஓட்டுங்கள். ஒரு கிராமுக்கான வேகம் ஏறினால், குளிகையின் உட்பகுதி இதுவரை சும்மா இருந்திருக்கிறது. வெய்ஸ்-பிரேட்டர் எண் சொல்வதும் இதுதான். குளிகையின் கன அளவுக்கான வேகத்தை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, துளைக்குள் விரவல் குணகத்தாலும் (மூலக்கூறுகள் துளைவழியே பரவும் வேகத்தின் அளவு) மேற்பரப்புச் செறிவாலும் வகுக்க வேண்டும். முதல் வரிசை வினைக்கு (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் மாறும் வினை) விடை 0.3க்குக் கீழே இருந்தால் உள்விரவல் தடையில்லை. ஆரம் வர்க்கமாக வருவதால், விட்டத்தை 30 மடங்கு குறைத்தால் எண் 900 மடங்கு இறங்கும்.

இன்னும் உறுதியான சோதனை மேடன்-பௌடார்ட் முறை. சிதறல் ஏறக்குறைய ஒன்றாகவும், உலோக அளவு வெவ்வேறாகவும் (0.3 சதவீதம், 0.9 சதவீதம் என்று வையுங்கள்) இரண்டு மாதிரிகள் செய்து, இரண்டு வெப்பநிலைகளில் ஓட்ட வேண்டும். மேற்பரப்பு அணு ஒன்றுக்கான வேகம் இரண்டிலும் ஒன்றாக வந்தால் வெப்பமோ பொருளோ கடப்பதில் சிக்கல் இல்லை. சிதறலை ஒன்றாக வைப்பதுதான் இதில் கஷ்டம். அது சரியாக அமையவில்லை என்றால் முடிவும் செல்லாது. துளைவிரவல் பிடிக்குள் இருக்கும் வினையில், அளந்து கிடைக்கும் கிளர்வு ஆற்றல் உண்மையானதில் பாதியாகத் தெரியும் என்பதும் ஒரு நல்ல துப்பு.

உள்விரவல்தான் தடை என்றால் மருந்து வேறு: உலோகத்தைக் குளிகையின் வெளித்தோலில் மட்டும் வைப்பது, அதாவது முட்டையோட்டு அமைப்பு. எத்திலீனில் கலந்திருக்கும் அசிட்டிலீனைத் தேர்ந்து ஹைட்ரஜனேற்றும் வினையூக்கி இதற்கு அழகான உதாரணம். பல்லேடியம் சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுதான். அதுவும் மேல்தோலில் மட்டும். பரப்பளவு குறைந்த ஆல்ஃபா அலுமினா தாங்கி. கூடவே வெள்ளி. பல்லேடியம் உள்ளே ஆழமாக இறங்கிவிட்டால், அங்கே பிறக்கும் எத்திலீன் வெளியேறும் முன்பே ஈத்தேனாகிவிடும். ஒலிகோமர்கள் (சில மூலக்கூறுகள் கோத்த சிறு சங்கிலிகள்) சேர்ந்து 'பச்சை எண்ணெய்' படியும். இங்கே உலோகத்தைக் கூட்டுவது நேரடி நஷ்டம்.

ஊறவைத்தல்

100 கிராம் காமா அலுமினாவில் 0.5 சதவீதம் பிளாட்டினம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாங்கியை 120 டிகிரியில் உலர்த்தி, 10 கிராம் எடுத்து, பியூரெட்டிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளற வேண்டும். தூள் பளபளத்துக் கட்டியாகத் தொடங்கும் இடம்தான் துளை நிறைந்த இடம். கிராமுக்கு 0.55 மில்லிலிட்டர் என்று வந்தால் 100 கிராமுக்கு 55 மில்லிலிட்டர் கரைசல். ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த குளோரோபிளாட்டினிக் அமிலத்தில் பிளாட்டினம் 37.7 சதவீதம், ஆகவே 1.33 கிராம் எடுத்து 55 மில்லிலிட்டராக்கினால் கணக்கு முடிந்தது. இந்த உப்பு ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. திறந்து மூடிய பழைய குப்பியிலிருந்து எடுப்பதானால் பிளாட்டின அளவைப் பகுப்பாய்வு செய்துவிட்டுத்தான் எடை போட வேண்டும்.

கணக்கு முடிந்தாலும் வேலை முடியவில்லை. அலுமினாவின் சுழி மின்சுமைப் புள்ளி, அதாவது மேற்பரப்பில் நிகர மின்சுமை இல்லாத இடம், பிஹெச் 8 பக்கம். அதற்குக் கீழே மேற்பரப்பு நேர்மின்சுமை கொள்ளும். குளோரோபிளாட்டினேட் எதிர் அயனி. குளிகையின் ஓரத்தைத் தொட்ட கணமே ஒட்டிக்கொள்ளும், உள்ளே இறங்காது. உங்களுக்கு ஓடு வேண்டுமென்றால் இது வரம். சீரான பரவல் வேண்டுமென்றால் போட்டிக்கு ஒருவரை இறக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அதே தளங்களுக்கு அதுவும் போட்டியிட்டு, பிளாட்டினத்தை உள்ளே தள்ளும். சிட்ரிக் அமிலம் இன்னும் வலுவாக ஒட்டும். அளவைக் கூட்டினால் பிளாட்டினம் குளிகையின் நடுவுக்கே போய் மஞ்சள்கரு அமைப்பாகிவிடும். நச்சுகள் ஓரத்திலேயே படியும் இடங்களில் இந்த உள்ளமைப்பு சில சமயம் வேண்டியதாகவும் இருக்கும்.

சிலிக்காவில் கதை தலைகீழ். அதன் சுழிப் புள்ளி 4 அல்லது அதற்கும் கீழே. குளோரோபிளாட்டினேட் அங்கே ஒட்டாது. பிஹெச் 10 முதல் 11 வரை கொண்டுபோய், டெட்ராஅமீன் பிளாட்டினம் நேரயனியைப் பயன்படுத்த வேண்டும். இப்படி மின்சுமை பார்த்து ஒட்டவைப்பதற்கு வலுவான நிலைமின் ஒட்டல் என்று பெயர். இதற்கு உச்சவரம்பு உண்டு: அலுமினாவில் குளோரோபிளாட்டினேட்டுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 1.6 மைக்ரோமோல், சிலிக்காவில் அமீன் அயனிக்கு அதில் ஏறக்குறைய பாதி, ஏனெனில் அந்த அயனி தன்னைச் சுற்றிய நீர் உறைகளைக் கூடுதலாகத் தாங்கி வருகிறது. கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்புள்ள அலுமினாவில் ஒரே தடவையில் சுமார் 6 சதவீதம் வரை ஏற்றலாம். அதே பரப்புள்ள சிலிக்காவில் 3 சதவீதம்.

இதில் பலரும் தடுக்கி விழுவது பிஹெச் விஷயத்தில். கரைசலின் பிஹெச்சைக் கவனமாக 3க்குக் கொண்டுவந்து துளை நிரம்பும் அளவு மட்டும் ஊற்றினால், அந்த 3 சில நிமிடங்கள்கூட நிற்காது. ஒரு லிட்டர் கரைசலுக்கு மூன்றரை லட்சம் சதுர மீட்டருக்கு மேல் ஆக்சைடு பரப்பு இருக்கும் சூழல் அது. ஆக்சைடு தன் சுழிப் புள்ளிக்கே பிஹெச்சை இழுத்துவிடும். ஆகவே ஒன்று, நிறைய கரைசலில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும்; இல்லையென்றால் தாங்கி எவ்வளவு அமிலத்தை விழுங்குகிறது என்று தனியாக அளந்து, அதையும் சேர்த்து ஊற்ற வேண்டும். பார்க்க வேண்டியது தொடங்கும் பிஹெச் அல்ல, முடியும் பிஹெச்.

இன்னொரு சின்ன விஷயம். நன்றாக உலர்ந்த சிலிக்கா மணிகளில் நேரடியாக நீர் ஊற்றினால் பட்பட்டென்று வெடித்து உடையும். ஈரக்காற்றில் முன்கூட்டியே கொஞ்சம் ஈரமேற்றிவிட்டு ஊற்றுவது நல்லது.

மூன்று சூடுகள்

நிக்கல், கோபால்ட் நைட்ரேட்டுகள் தாங்கியோடு பலமாக ஒட்டுவதில்லை; துளைக்குள் கரைசலாகத்தான் நிற்கின்றன. ஓரத்தில் நீர் ஆவியாக ஆவியாக, உள்ளிருக்கும் கரைசலை நுண்துளை வெளியே இழுக்கிறது, உப்பும் கூடவே வருகிறது. ஓரத்தில் செறிவு ஏறியதும் விரவல் அதை உள்ளே தள்ளப் பார்க்கும். எது ஜெயிக்கும் என்பது உலர்த்தும் வேகம், குளிகை அளவு, கரைசலின் பிசுபிசுப்பு எல்லாவற்றையும் பொறுத்தது. முன்கூட்டிச் சொல்வது கடினம். ஒரு குளிகையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நிக்கலின் பச்சையும் கோபால்ட்டின் இளஞ்சிவப்பும் கண்ணுக்கே தெரியும்.

பலர் மறப்பது இது: ஆறு நீர் மூலக்கூறுகளுள்ள நிக்கல் நைட்ரேட் 57 டிகிரியிலேயே தன் படிகநீரில் உருகிவிடும், கோபால்ட் நைட்ரேட் 55 டிகிரியில். 120 டிகிரி அடுப்பில் "உலர்ந்து" கிடப்பதாக நினைப்பது உண்மையில் ஓடித் திரியும் உருகிய உப்பு. இதைக் கட்டிப்போட இரண்டு வழிகள் உண்டு. ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் போன்ற ஒன்றைச் சேர்த்துக் கரைசலைப் பிசுபிசுப்பாக்கலாம். அல்லது சிட்ரேட் போன்ற, உலர உலரப் படிகமாகாமல் கூழாக இறுகும் உப்பை எடுக்கலாம். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, ஆனால் கால்சினேஷனில் அந்தக் கரிமப்பொருள் எரியும் வெப்பத்தை அடக்க வேண்டியிருக்கும்.

கால்சினேஷனில் நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் டைஆக்சைடு, ஆக்சிஜன், நீராவி வெளிவருகின்றன. ஆழமான மூசையில் நிரப்பி மஃபிள் அடுப்பில் வைத்தால், இந்த வாயுக்கள் படுகைக்குள்ளேயே தேங்கி நின்று ஆக்சைடைக் கட்டி கட்டியாக வளர்த்துவிடும். மெல்லிய படுகை, ஓடும் வாயு, நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றம்: இந்த மூன்றும் செலவில்லாத மேம்பாடுகள். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டி யோங் குழுவினர் 2007 வாக்கில் காட்டியது இன்னும் சுவாரசியமானது. காற்றுக்குப் பதில் ஹீலியத்தில் 1 சதவீதம் நைட்ரிக் ஆக்சைடு கலந்த வாயுவில் நிக்கல் நைட்ரேட்டைச் சிதைத்தால், சுமார் 4 நானோமீட்டர் ஆக்சைடு கிடைத்தது. காற்றில் அதே மாதிரி பத்து நானோமீட்டரைத் தாண்டியது. சிதைவு நிதானமாக, ஓடித்திரியாத இடைநிலை உப்பு வழியாக நடப்பதுதான் காரணம். நச்சு வாயு என்பதால் வெளியேற்று ஏற்பாடு இல்லாத இடத்தில் முயலவே கூடாது.

எல்லா உலோகத்துக்கும் காற்றில் சுடுவது பொருந்தாது. டெட்ராஅமீன் பிளாட்டினத்தை நேராக ஹைட்ரஜனில் சுட்டால், நகரக்கூடிய நடுநிலை ஹைட்ரைடு உருவாகிப் பெரிய துகள்கள் வரும். அதற்கு முதலில் ஆக்சிஜன் ஓட்டத்தில், நிமிடத்துக்கு 1 டிகிரிக்கும் குறைவாக, 300 முதல் 350 வரை மெதுவாக ஏற்ற வேண்டும். ருத்தேனியம் நேரெதிர். காற்றில் சுட்டால் ஆவியாகும் ஆக்சைடு வழியாகப் பறக்கும், மிஞ்சுவது பெரும் படிகங்களாகும். அதை உலர்த்திய கையோடு ஹைட்ரஜனுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒடுக்கத்தில் எதிரி நீராவி. வினையில் பிறக்கும் நீரை அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு ஹைட்ரஜன் ஓட்டம் வேண்டும். இல்லாவிட்டால் சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று சேரும். அலுமினா மேல் கோபால்ட் இருந்தால், ஒடுக்கக் கடினமான அலுமினேட் வகைச் சேர்மமும் கூடும். 0.1 முதல் 0.5 சதவீதம் பிளாட்டினம் அல்லது ருத்தேனியம் சேர்ப்பது இங்கே பலன் தரும்: ஹைட்ரஜன் அதன்மேல் பிரிந்து கோபால்ட் ஆக்சைடுக்கு வழிந்தோடி, ஒடுக்க வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. நிக்கலை அலுமினா மேல் அதிக வெப்பத்தில் கால்சினேஷன் செய்திருந்தால் நிக்கல் அலுமினேட் உருவாகியிருக்கும். அதை ஒடுக்க 700 முதல் 800 டிகிரி தேவைப்படும். வழக்கமான 450 டிகிரியில் ஒடுக்கிவிட்டு "நிக்கல் வேலை செய்யவில்லை" என்பதில் நியாயமில்லை.

மெத்தனால் தயாரிக்கும் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா வினையூக்கியில் ஆபத்து வேறு மாதிரி. செம்பு ஆக்சைடு ஒடுங்கும்போது மோலுக்கு சுமார் 85 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். நைட்ரஜனில் 1 சதவீதம் ஹைட்ரஜன் இருந்து அது முழுக்க வினைபுரிந்தால், வாயு சுமார் 28 டிகிரி சூடாகும். அவசரப்பட்டு 5 சதவீதம் விட்டால் 140 டிகிரி. படுகை 160இல் இருந்தால் 300ஐத் தொட்டுவிடும், செம்பு அங்கேயே திரண்டுவிடும். ஆகவே 1 சதவீதத்தில் தொடங்கி, எந்த இடத்திலும் 230ஐத் தாண்டவிடாமல், வெளிவாயுவில் ஹைட்ரஜன் உள்வாயு அளவை எட்டிய பிறகே செறிவைக் கூட்ட வேண்டும். ஒரு முழு நாளுக்கு மேல் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வினையூக்கியின் மொத்த ஆயுளும் இந்த ஒரு நாளில் முடிவாகிறது.

ஓட்டத்தில் திரள்வது

உலோகம் எப்போது நகரத் தொடங்கும் என்பதற்கு டாம்மன் வெப்பநிலை ஒரு நல்ல அளவுகோல்: கெல்வினில் உருகுநிலையின் பாதி. செம்புக்கு சுமார் 405 டிகிரி, பல்லேடியத்துக்கு 640, நிக்கலுக்கு 590, பிளாட்டினத்துக்கு 750. மேற்பரப்பு அணுக்கள் இன்னும் கீழேயே, உருகுநிலையில் 0.3 பங்கில், அசையத் தொடங்கும். செம்புக்கு அது வெறும் 134 டிகிரி. மெத்தனால் உலைகள் 220க்கும் 270க்கும் இடையில் இவ்வளவு கவனமாக ஓடுவதற்கு இதுதான் காரணம். குளோரின் தடயம் இருந்தால் நிலைமை மோசமாகும். செம்பு குளோரைடு உலோகத்தைவிடச் சுலபமாக நகரும்.

குளோரைடைப் பொதுவாகத் திட்டவும் முடியாது. நாப்தா சீர்திருத்தத்தில் (நாப்தாவை உயர்தரப் பெட்ரோலாக்கும் வினை) அலுமினா மேல் சுமார் 1 சதவீதம் குளோரைடு இருந்தால்தான் அமில வேலை நடக்கும். திரண்ட பிளாட்டினத்தை மீண்டும் சிதறடிப்பதும் அதே குளோரின்தான்: கோக்கை (படிந்த கரியை) மெதுவாக எரித்து முடித்து, 500 டிகிரி அளவில் ஆக்சிஜனும் கரிமக் குளோரைடும் கலந்த வாயுவை ஓட்டினால், பிளாட்டினம் ஆக்சிகுளோரைடாகி அலுமினா முழுக்கப் பரவும், ஆக்சிஜனைத் துரத்திவிட்டு உலர்ந்த ஹைட்ரஜனில் ஒடுக்கினால் பழைய சிதறல் கிட்டத்தட்டத் திரும்பும். அம்மோனியாவுக்கான ருத்தேனியத்துக்கோ மிஞ்சிய குளோரைடு விஷம். அதனால் ருத்தேனியம் குளோரைடை விட்டு நைட்ரோசில் நைட்ரேட்டை எடுப்பது புத்திசாலித்தனம்.

காற்றில் 800 டிகிரி அளவுக்குச் சூடேறும் வாகனப் புகை வினையூக்கிகளில் பிளாட்டினம் ஆவியாகும் ஆக்சைடாகப் பறந்து பெரிய துகள்களில் போய்ச் சேரும். அதே ஆவியை சீரியம் ஆக்சைடு தாங்கியின் மேற்பரப்புக் குறைகள் ஒற்றை அணுக்களாகப் பிடித்து நிறுத்துவதை தாத்யே குழுவினர் 2016இல் காட்டினார்கள். திரட்சிக்குக் காரணமான ஆவியே சிதறலுக்கும் வழியாகிறது.

இரண்டாவது உலோகமும் சும்மா அலங்காரத்துக்கு அல்ல. புரொப்பேனிலிருந்து ஹைட்ரஜனை நீக்கும் பிளாட்டினத்துக்கு வெள்ளீயம் சேர்த்தால், பிளாட்டின அணுக்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து கோக் குறையும். பொட்டாசியம் அலுமினாவின் அமிலத்தை அடக்கும். சீர்திருத்தத்தில் ரீனியம் ஆயுளைக் கூட்டும். ஆனால் தொடக்கத்தில் கொஞ்சம் கந்தகம் ஊட்டி அடக்காவிட்டால், புது ரீனியம் நாப்தாவை மீத்தேனாக உடைத்து உலையைத் தறிகெட்டுச் சூடாக்கும்.

அளவீட்டை நம்புவது எப்போது

சிதறலை அளப்பது மேற்பரப்பு அணுக்கள் உறிஞ்சும் ஹைட்ரஜனைக் கொண்டுதான். 1 கிராம் 0.5 சதவீதப் பிளாட்டின வினையூக்கியில் மொத்தம் 25.6 மைக்ரோமோல் உலோகம்தான். ஒவ்வோர் அணுவும் வெளியே தெரிந்தாலும் அது உறிஞ்சும் ஹைட்ரஜன் சுமார் 0.29 மில்லிலிட்டர். கருவியில் மெல்லிய கசிவு இருந்தாலே சிதறல் எண் பொய்யாகும். 3 முதல் 5 கிராம் எடுங்கள். ஒடுக்கிய பிறகு வெற்றிடத்திலோ மந்த வாயுவிலோ சூடாக்கி, ஒட்டிய ஹைட்ரஜனை முழுக்க விரட்டாவிட்டால் எண் குறைவாக வரும். பல்லேடியம் அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனை உள்ளேயே கரைத்துக்கொண்டு ஹைட்ரைடாகிவிடும். எண் 1ஐத் தாண்டினால் அது மேற்பரப்பல்ல, வயிறு. டைட்டானியா மேல் 500 டிகிரியில் ஒடுக்கினால் பகுதி ஒடுங்கிய ஆக்சைடு உலோகத்தின் மேல் ஏறி மூடிக்கொள்ளும். டாஸ்டர் குழு 1978இல் விவரித்த இந்த விளைவில் உறிஞ்சல் கிட்டத்தட்டப் பூஜ்யமாகும், ஆனால் துகள் பெரிதாகியிருக்காது. ஆக்சிஜன் கொடுத்து, 200 டிகிரியில் மட்டும் ஒடுக்கி மறுபடி அளந்தால் உண்மை வெளிவரும். படிக அளவைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்புவிரிவுக்கு 3 நானோமீட்டருக்குக் கீழே பார்வை மங்கல். நாலைந்து பெரிய படிகங்கள் இருந்தால் அவையே முழுப் பதிலையும் ஆட்டிவிடும்.

தேய்ந்த வினையூக்கியை ஒரே கலவையாக அள்ளி அனுப்பினால் பாதித் தகவல் போய்விடும். படுகையின் நுழைவு, நடு, கடை என மூன்று இடங்களில் தனித்தனியாக எடுங்கள். கந்தகம் நுழைவில் மட்டும் குவிந்திருந்தால் அது ஊட்டத்தில் (உலைக்குள் விடும் வினைப்பொருளில்) வந்த நச்சு. நிக்கல் நீராவிச் சீர்திருத்தத்தில் (நீராவியோடு ஹைட்ரோகார்பனை ஹைட்ரஜனாக்கும் வினை) ஊட்டத்தின் கந்தகத்தை 0.1 பிபிஎம்முக்குக் கீழே வைக்கும் துத்தநாக ஆக்சைடு படுகையை, 350 முதல் 400 டிகிரியில் சரியாக ஓடுகிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். கோக் நுழைவில் கூடுதலாக இருந்தால் அது வினைப்பொருளிலிருந்தே வருகிறது. கடையில் கூடியிருந்தால் விளைபொருளிலிருந்து. மூன்று இடத்திலும் படிகம் ஒரே மாதிரி வளர்ந்திருந்தால், ஓட்டத்தைக் குறைசொல்லும் முன் தொடக்க ஒடுக்கத்தின் வெப்பநிலைப் பதிவை எடுத்துப் பாருங்கள். மாதிரியை வெளியே எடுக்குமுன் நைட்ரஜனில் 1 சதவீதம் ஆக்சிஜன் விட்டு, 50 டிகிரியைத் தாண்டாமல் மேல்தோலை மூட வேண்டும். ஒடுங்கிய நிக்கலும் செம்பும் நேரடிக் காற்றில் பற்றிக்கொள்ளும், அதன்பின் நீங்கள் அளப்பது உலையில் நடந்ததை அல்ல.